காஸ் வராத வாரம்

துறைச் சரிவில் பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஆற்று நீர் வற்றிக்கொண்டிருந்தது. சரிவின் கீழ்ப்பகுதியில் சேறு பளபளத்தது. அந்த வற்றத்தின் இழுப்பில்தான் உட்கால்வாய்களிலிருந்து அசாயிப் பழம் ஏற்றிய படகுகள் வரும். நீர் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டால் அன்றைக்கு வராது.

சுலெய்தி கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். மழை தூறி நின்றிருந்தது. பக்கத்தில் மீன்காரி ஒருத்தி இறால் கூடையை ஓலையால் மூடிக்கொண்டே பேசினாள்.

"இன்னிக்கும் வராதுடி. ஐஸ் படகு நேத்து சாயங்காலமே கால்வாய் வாயில நங்கூரம் போட்டுட்டு நிக்குது."

"எல்லாத்தையுமா முழுங்கிருவாங்க?"

"அவங்க எங்க முழுங்கறாங்க? வாங்கி, கூழாக்கி, உறைய வெச்சு கப்பல்ல ஏத்தறாங்க. முழுங்கறவன் எங்கேயோ இருக்கான்."

அசாயி காய்ப்புக் குறைந்த மாதங்கள் அவை. நல்ல காலத்தில் சரிவு முழுக்கக் கூடைகள் நிற்கும்; கால் வைக்க இடமிருக்காது. இப்போது தொழிற்சாலையின் ஐஸ் படகு பொறுக்கி எடுத்தது போக மிச்சம்தான் அவர்கள் ஊரான அனிங்காலுக்கு வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை. சுலெய்தி அசாயி அரைத்து ஐந்து நாளாகியிருந்தது.

வெளிச்சம் பரவத் தொடங்கியபோது மோட்டார் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஜெனிவாலின் படகு. நடுவில் இரண்டு கூடைகள் மட்டும் இருந்தன. சுலெய்தி சேற்றில் இறங்கி, முழங்கால் நீரில் நடந்துபோய் முதலில் படகைப் பிடித்தாள். கூடையின் அடிவரை கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அசாயிப் பனையின் சிறிய கருநீலப் பழம். மேல்தோல் மெலிதாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி பாக்கறே," என்றான் ஜெனிவால்.

"நல்ல பொண்ணையெல்லாம் ஐஸ் படகுக்குக் கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கே."

"அவன் கால்வாய்க்கே வர்றான். நான் டீசல் செலவு பண்ணி இவ்வளவு தூரம் வரணும். உனக்காகத்தான் ரெண்டு கூடை ஒதுக்கி வெச்சேன். வேணாம்னா சொல்லு."

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. சரிவில் காத்திருந்த அவள் கணவன் ஒசியெல் இறங்கி வந்து ஒரு கூடையைத் தலையில் வைத்தான். இன்னொன்றை அவளே தூக்கிக்கொண்டாள்.

அவர்கள் தெரு முழுக்கப் பலகைப் பாதை. இருபுறமும் கம்புகளின்மேல் நிற்கும் மரவீடுகள். கீழே சேறு, ஏற்றத்தின்போது ஆறு. வீட்டின் முன்னறைதான் சுலெய்தியின் கடை. அரைக்கும் மிஷின், அலசும் தொட்டி, ஒரு அடுப்பு. வாசலுக்கு வந்ததும் கூடையை இறக்கினாள். கதவுக்குப் பின்னாலிருந்த சிவப்புத் துணியை எடுத்து வெளியே ஆணியில் மாட்டினாள். அசாயி இருக்கிற வீட்டில் சிவப்புத் துணி தொங்கும். அதைப் பார்த்துத்தான் தெரு பாத்திரத்தை எடுக்கும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. பழம் வந்தால் கை தானாகத் துணியைத் தேடும்.

பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். தீ ஒருமுறை நீலமாக எழுந்து, மஞ்சளாகி, சுருங்கி அணைந்தது. சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தாள். லேசாக ஆடியது.

"நேத்து மாத்திட்டு வர்றேன்னு போனீங்களே?"

ஒசியெல் தலையைச் சொறிந்தான். "டிப்போல இல்ல. காஸ் ஏத்தின பார்ஜ் படகு வந்திருக்கு, ஆனா ஃபேக்டரி துறையில இறக்கிட்டுத்தான் இங்க வருவானாம். நாளைக்குன்னான். இல்லேன்னா அதுக்கு மறுநாள். சொல்லலாம்னு வந்தேன், நீ தூங்கிட்டே."

"எழுப்பி இருக்கலாம்ல?"

"எழுப்பினா காஸ் வந்திருமா?"

பழத்தை அரைக்கும் முன் வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கை வைத்தால் பொறுக்காத சூடு. முக்கி, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸ் மரில்தா தெருவிலிருந்த அசாயிக்காரர்களை எல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது அது. பனை மட்டையில் வாழும் ஒரு பழுப்புப் பூச்சி கூடைக்குள் வந்துவிடும், அது பழத்தோடு சேர்ந்து அரைபட்டால் அதன் குடலிலிருக்கிற கிருமி மனிதனின் இதயத்துக்குப் போகும் என்று படம் காட்டியிருந்தாள். அன்றிலிருந்து சுலெய்தி ஒரு கூடையைக்கூட அப்படியே அரைத்ததில்லை.

விறகு நனைந்திருந்தது. கரி அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் வைக்கலாம். இரண்டு கூடைப் பழத்துக்குக் காணாது. கரியும் அடிமட்டத்தில் இருந்தது.

அதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதல் ஆள் பக்கத்து வீட்டு ஓதினேயா. இடுப்பில் குண்டான், பின்னால் அவள் மகள் தைனா.

"அக்கா, துணியைப் பாத்ததும் இவ பல்லுகூடத் தேய்க்கல, ஓடி வந்துட்டா. அஞ்சு நாளா மரவள்ளி மாவைத் தண்ணில கரைச்சுத்தான் குடிக்குதுங்க. உப்பு இறால் இருக்கு, அசாயி இல்லாம அது இறங்க மாட்டேங்குது."

"காஸ் இல்லடி. வெந்நி போட முடியல."

ஓதினேயா குண்டானை இறக்கிப் பலகைமேல் வைத்தாள். "எங்கம்மா எந்த வெந்நில முக்கினா? நாமெல்லாம் வளரலையா?"

"அப்ப துணியை எதுக்கு மாட்டினே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "காத்துல காயவா?"

சிரித்தார்கள். தொழிற்சாலைக் காவலாளி வால்தெசி சீருடையோடு வந்து நின்றான். வேலைக்குப் போகுமுன் குடித்துவிட்டுப் போகிறவன். "எனக்குக் கெட்டியா வேணும். போன தடவை தண்ணியா ஓடுச்சு."

"தண்ணியா ஓடினா அதுக்கு ஆறுன்னு பேரு. போய் அங்க குடி," என்றாள் சுலெய்தி. எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பழம் மதியத்துக்குள் புளித்துவிடும். பழம் அரைக்காமலே மாட்டிய துணியைக் கழற்றினால் அந்த வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் பழத்தைத் தொட்டியில் கொட்டினாள். கையால் கிளறித் துரும்பு, இலை, சொத்தைப் பழம் எல்லாம் பொறுக்கினாள். ப்ளீச்சிங் சொட்டு விட்டு அலசினாள், மறுபடி அலசினாள், மறுபடியும். ஒவ்வொரு தடவையும் குனிந்து நீரைப் பார்த்தாள். பூச்சி எதுவும் மிதக்கவில்லை.

ஒசியெல் மிஷினைப் போட்டான். கருநீலக் கூழ் குழாய்வாய் வழியாகக் கனமாக இறங்கியது. தைனா குண்டானைத் தானே பிடித்துக்கொண்டாள்.

காஸ் மூன்றாம் நாள் வந்தது.

அதற்கும் பிறகு இரண்டு வாரம் போயிருக்கும். தைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று நினைத்தார்கள். ஊரில் அது புதிதில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. முகம் வீங்கியது, பிறகு கால். அதே தெருவில் இன்னும் சில வீடுகளில் ஆட்கள் பாயில் கிடந்தார்கள். சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் மலேரியா பார்க்கிறவன் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் நர்ஸைக் கூட்டிவந்தான். ரத்த அணுக்களுக்கு நடுவே ஒன்று வாலை அசைத்து நீந்திக்கொண்டிருந்தது. மலேரியாக் கிருமி நீந்தாது.

தைனாவின் இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஓதினேயாவையும் அவளையும் படகு ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். படகு கிளம்பும்போது சுலெய்தி துறையில் நின்றாள். ஓதினேயா அவள் பக்கம் திரும்பவில்லை. மகளின் தலைக்கு மேல் குடையைப் பிடித்திருந்தாள்.

மறுநாள் நர்ஸ் மரில்தா தெருவுக்கு வந்தாள். வீடு வீடாக ஏறி ஒரே கேள்வி கேட்டாள்: எங்கே அசாயி குடித்தீர்கள்?

"எல்லா இடத்துலயும்தான்," என்றார்கள். "சந்தையில." "அந்தக் கரைக்குப் போயிருந்தப்ப." "ஞாபகம் இல்லம்மா." ஒருவர்கூட சுலெய்தியின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நான் அசாயியே குடிக்கறதில்ல," என்றார். அவரைத் தெரிந்த பேரப்பிள்ளைகள் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசியாக அவள் சுலெய்தியின் கடைக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் வெந்நீர் ஆவி விட்டது. மரில்தா அதைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"நீங்க ஒழுங்கா பண்றீங்க. எனக்குத் தெரியும்," என்றாள். "வேற யாராவது வெந்நி போடாம அரைக்கறாங்களா?"

ஒசியெல் உள்வாசலில் நின்று மனைவியைப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"சொன்னா என்ன ஆகும்?"

"கடையை மூடச் சொல்வாங்க. அது என் கையில இல்ல. ஆனா எந்த நாள், யார் யார் குடிச்சாங்கன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் ரத்தம் பாத்திருவேன். மாத்திரை இருக்கு, இலவசம்தான். காய்ச்சலே வராதவங்களுக்கும் உள்ள இருக்கலாம் அக்கா. நல்லாத்தான் இருப்பாங்க. வருஷக்கணக்கா நல்லா இருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் துடுப்புப் போடும்போது நெஞ்சு நின்னுரும்."

சுலெய்தி மிஷினை நிறுத்தினாள். உள்ளே பழக்கொட்டைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"காஸ் வராத வாரம்," என்றாள். "அந்த வெள்ளிக்கிழமை. இங்கதான்."

ஒசியெல் உள்ளே போனான். ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

யாருக்கு ஊற்றினாள் என்று அவள் எதிலும் எழுதி வைத்ததில்லை. நர்ஸைக் கூட்டிக்கொண்டு பலகைப் பாதையில் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று, அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து யார் வந்தார்கள், எந்தப் பாத்திரம் கொண்டுவந்தார்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டாள். "இங்க பச்சை வாளி. மருமக வந்தா. வீட்ல எல்லாரும் குடிச்சிருப்பாங்க." "இங்க ஊத்தல. கேட்டாங்க, தீந்து போச்சு." தீர்ந்துபோன வீட்டைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் வேகமானது.

பச்சை வாளி வீட்டு மருமகள் வாசலுக்கு வந்து கத்தினாள். "உன்னை யாரு கேட்டா? நாங்க சொன்னோமா? உன் கடையைக் காப்பாத்தத்தானே எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தோம்! இப்ப நாங்க பொய் சொன்னவங்களா நிக்கணுமா?"

"ரத்தம் மட்டும் குடு. அப்புறம் திட்டு."

வால்தெசி பலகையில் உட்கார்ந்து பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "எனக்கா? எனக்கு என்ன? குதிரை மாதிரி இருக்கேன்."

"குதிரைக்கும் ரத்தம் இருக்குல்ல? எந்திரி."

"ஊசின்னா எனக்கு ஆகாதுக்கா."

"துப்பாக்கி வெச்சிருக்கறவன் பேசற பேச்சா இது?"

அவன் பூட்சை ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டே எழுந்தான். அவன் ரத்தத்திலும் அது இருந்தது.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி விசைப்படகில் வந்தார். மரியாதையாகப் பேசினார். கடையை மூடி, கதவில் மஞ்சள் பட்டையை ஒட்டினார். மறுபடி திறக்க வேண்டுமானால் சுவருக்கு டைல்ஸ் ஓடு பதிக்க வேண்டும், துருப்பிடிக்காத தொட்டி வேண்டும், வெப்பமானி வேண்டும், அலச ஒரு அறை, அரைக்க ஒரு அறை வேண்டும் என்றார்.

"மரச் சுவர்ல ஓடு எப்படி நிக்கும்?" என்றான் ஒசியெல்.

"செங்கல் கட்டுங்க."

"சேத்து மேலயா?"

அதிகாரி கீழே பார்த்தார். பலகைகளுக்கு நடுவே நீர் ஏறிக்கொண்டிருந்தது. "வசதி பண்ணிட்டு மனு குடுங்க," என்றார்.

"காஸ் வரலேன்னா?" என்று கேட்டாள் சுலெய்தி. "எல்லாம் கட்டினப்புறம், காஸ் முதல்ல ஃபேக்டரிக்குத்தான்னு சொன்னா?"

"அது எங்க துறை இல்லம்மா."

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒசியெல் மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே, "எல்லாரும் சும்மா இருந்தாங்க. நீ ஒருத்திதான்," என்றான். அவள் இறால் தோலை உரித்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைத் தின்றான்.

தைனா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள், தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஓதினேயா ஒரு தட்டில் அவித்த நண்டோடு வந்து மஞ்சள் பட்டைக்குக் கீழே படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை. சுலெய்தி வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில தினமும் உன்னைத் திட்டினேன்," என்றாள் ஓதினேயா. "பக்கத்துக் கட்டில்காரிகிட்டகூட உன்னைப் பத்திச் சொல்லி அழுதேன். அவளும் சேந்து திட்டினா. நல்லவ."

"ம்."

"வரும்போது படகுல நினைச்சுப் பாத்தேன். நீ காஸ் இல்லேன்னுதான் சொன்னே. குண்டானைக் கீழ வெச்சது நான்தான்."

ஒரு நண்டுக்காலை உடைத்து சுலெய்தியிடம் நீட்டினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"அவ இன்னிக்குக் காலையில அசாயி கேட்டா," என்றாள் ஓதினேயா. "எங்க போறது இனிமே?"

சந்தைப் பக்கம் ஓடு பதித்த கடை ஒன்று இருந்தது. அங்கே அந்த மாதங்களில் ஒரு லிட்டருக்குக் கேட்ட விலையில் ஒரு கோழி வாங்கலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மிஷினைக் கீழாற்று ஊர்க்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். அதைத் தூக்கியபோது அது நின்ற இடத்தில் பலகை வேறு நிறமாக இருந்தது. அந்தப் பணம் மழை முடியும்வரை ஓடியது. அதன்பிறகு வால்தெசிதான் சொன்னான். அவனுக்கு இரண்டு மாத மாத்திரை முடிந்திருந்தது.

"பழம் பொறுக்கற எடத்துல ஆள் எடுக்கறாங்கக்கா. காய்ப்புக் காலம் ஆரம்பிக்குதுல்ல. நான் சொல்றேன் உனக்காக."

"நீ என்ன சொல்வே?"

"என்னைக் கொல்லப் பாத்தா, அப்புறம் அவளே காப்பாத்தினான்னு சொல்றேன். உடனே எடுத்துக்குவாங்க."

அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

தொழிற்சாலை ஊருக்கு மேற்கே, சொந்தத் துறையோடு இருந்தது. தொழிலாளர்களைக் காலையில் ஒரு படகு ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடும். சுலெய்திக்கு வெள்ளைத் தொப்பி, வாய்மூடி, ரப்பர் பூட்ஸ், கையுறை கொடுத்தார்கள். நகரும் பட்டையின் இருபுறமும் பெண்கள் நின்றார்கள். பழங்கள் வந்துகொண்டே இருந்தன. காயையும் சொத்தையையும் எடுத்துப் போட வேண்டும். அவளுக்கு அது பழகிய வேலை; ஆனால் இவ்வளவு பழத்தை அவள் பார்த்ததில்லை. பெரிய பெரிய பழங்கள், தோல் தடித்து, சாம்பல் பூத்திருந்தன. காலையில் இறங்கிய கூடைகளில் ஜெனிவாலின் கயிற்று முடிச்சு இருந்ததைப் பார்த்தாள். துறைச் சரிவுக்கு அவன் ஒருநாளும் இப்படிப் பழம் கொண்டுவந்ததில்லை.

பட்டையின் முடிவில் பழங்கள் வெந்நீரில் விழுந்தன. அங்கே ஆவி நாள் முழுக்க எழுந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கூழ் குழாயிலிருந்து பைகளில் விழுந்தது. வாசனை மட்டும் தடுப்பைத் தாண்டி வந்தது. மதியம் எல்லோருக்கும் சோறும் பீன்ஸும் போட்டார்கள்.

"ஒரு வாய்கூடத் தர மாட்டாங்களா?" என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

"கேட்டுப் பாரு," என்றாள் அவள். "போன வருஷம் ஒருத்தி கேக்காமலே குடிச்சா. வேலை போச்சு, இப்ப அவ புருஷன்கூட மரம் அறுக்கறா."

சங்கு ஊதியதும் பெண்கள் கையுறையைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். வாயிலை நோக்கி வரிசையாக நின்றார்கள். சுலெய்தி பைகளைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று நினைத்தாள். யாரும் பையைத் திறக்கவில்லை. முன்னால் நின்றவள் வாய்மூடியைக் கீழே இழுத்தாள்.

"என்ன பாக்கறாங்க?"

"நாக்கு," என்றாள் அவள். அசாயி குடித்தவரின் நாக்கும் பல்லும் நீலம் பாரித்துவிடும். எவ்வளவு கொப்பளித்தாலும் இரவுவரை போகாது.

வாயிலில் வால்தெசி டார்ச்சோடு நின்றான். அவனுக்குப் பின்னால் மேற்பார்வையாளர், மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு. வரிசை வேகமாக நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்தாள், வெளிச்சம் விழுந்தது, போனாள்.

சுலெய்தியின் முறை வந்தது. வால்தெசி டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டான். அதில் கோளாறு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அக்கா," என்றான் தணிந்த குரலில்.

"சட்டுனு பாரு. படகு போயிரும்."

வாயைத் திறந்தாள். வெளிச்சம் கண்ணில் கூசியது. அவன் அவள் பற்களைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். மேற்பார்வையாளர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நாக்கைத் தூக்கு," என்றான் வால்தெசி.

தூக்கினாள். நாக்கின் அடி வெளிறி, ஈரமாக இருந்தது.

"சுத்தம்," என்று அவன் மேற்பார்வையாளருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

அவள் வாயை மூடிக்கொண்டு துறைப்பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் தொப்பியைக் கழற்றியபடி, வாயை முன்கூட்டியே திறந்துகொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள்.